மூன்றாம் பூச்சு

பெலேமில் யாரும் மணி சொல்வதில்லை.
மழைக்கு முன்னா, மழைக்குப் பின்னா, அவ்வளவுதான்.
ஒடிலோன் என்னை வரச்சொன்னது மழைக்கு முன்.
"ஒரே சுவர், வால்டெசி. வெள்ளை. பொழுது சாய்வதற்குள் முடிச்சிடு."

அந்தச் சுவரை எனக்குத் தெரியும்.
முதல் தடவை அங்கே ஒரு நர்ஸ் இருந்து போயிருந்தாள்.
அடுத்து இரண்டு மாணவர்கள்.
ஆள் காலி செய்ததும் நான் வருவேன்,
ஏணியும் உருளையுமாக.
சன்னலுக்கு இடப்புறம், இடுப்பு உயரத்தில் தொடங்கி
ஒட்டகச்சிவிங்கிக் கழுத்தாக மேலேறி
கூரைக்கு ஒரு சாண் கீழே தலை சாய்க்கும் கறுப்பு.
பூசுவேன்.
நாலு மாதத்தில் அதே கழுத்து, அதே சாய்வு.
பூசுகிறவன் நான், பூப்பது அது.
இருவருக்கும் அந்த வீட்டில் வேலை நிரந்தரம்.

இந்தத் தடவை வீடு காலியாக இல்லை.
கதவைத் திறந்த ஜுசாராவின் கையில் பழைய டூத்பிரஷ்.
வினிகர் தேய்த்தாளாம். சோடா உப்பு.
ப்ளீச் ஊற்றிய இரவு கண் எரிந்து
பையனோடு வாசலில் படுத்தாளாம்.
செருப்புக்குள் சாம்பல் முளைத்தது,
கித்தார் உறையில் பச்சை,
பையனின் பிறப்புச் சான்றிதழில்
அப்பா பெயர் இருந்த இடத்தில் ஒரு வட்டம்.
"அதற்கு மட்டும் நன்றி" என்றாள்.

கட்டிலில் கவான் இருமினான்.
வரிசையாக மூன்று, பிறகு ஓர் இடைவெளி.
நான் டப்பாவைத் திறந்து கலக்கினேன்.
அவள் நாற்காலியை இழுத்துச்
சுவருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.
"பூசத்தான் எனக்குக் கூலி."
"யார் வேண்டாமென்றது? மழை வரட்டும்."

காப்பி தந்தாள். இரண்டேகாலுக்கு
மாமரங்கள் முதலில் இருண்டன,
பிறகு தகரமெல்லாம் கொட்டு.
வாய் அசைந்தால் போதும், பேச்சு கேட்காது.
நின்றது. வெயில் வந்தது. தெரு
சோற்றுப்பானை மூடியைத் திறந்த மாதிரி ஆவி விட்டது.
"இப்போது காதை வை."

வைத்தேன்.
வெளியே நின்ற மழை
சுவருக்குள் பெய்துகொண்டிருந்தது.
சொட்டு. சொட்டு.
உள்ளே யாரோ உட்கார்ந்து சில்லறை எண்ணுவதுபோல்.

பத்தொன்பது வருடமாகச் சுவர்களின் முகத்தைப் பார்க்கிறேன்.
ஒன்றையும் கேட்டதில்லை.

உளியை எடுத்தேன் என்று சொன்னால் வீரமாக இருக்கும்.
எடுக்கவில்லை. அடுத்த வாரம்
ஒடிலோன் தருவதாகச் சொன்ன ஆறு அறைகளை நினைத்தேன்.
கவான் இருமினான். மூன்று. இடைவெளி.
உளியை அவள்தான் எடுத்தாள்,
கரண்டியைப் பிடிப்பதுபோல் பிடித்தாள்.
அந்த லட்சணத்தில் வீடே விழும் என்று
பிடுங்கி நான் கொத்தினேன்.

பையனைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி
வாயில் ஈரத்துணி கட்டிக்கொண்டோம்.
என் இரண்டு வெள்ளையும் உதிர்ந்தன.
கீழே எவனோ பூசிய நீலம். அதற்கும் கீழே ரோஜா.
எனக்கு முன்னால் எத்தனை வால்டெசிகள்!
கடைசியில் வெடித்த மழைநீர்க் குழாய்,
தொண்டையில் மக்கிய இலைக்கட்டி,
சுற்றிலும் கறுப்பு வெல்வெட், ஓரத்தில் ஆரஞ்சு.
சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது.

ஒடிலோன் வந்தார். ஓட்டையைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார். ஆறு அறைகளும் போயின.
குழாய்க்கு யார் காசு என்பது இன்னும் தீரவில்லை.
வாடகையில் பிடிப்பேன் என்கிறாள் அவள்.
வக்கீல் என்கிறார் அவர்.
ஓட்டைக்குக் காற்று பட மின்விசிறி ஓடுகிறது.

வீட்டுக்கு வந்தேன்.
என் கல்யாணக் கோட்டு ஈரம் குடிக்காதிருக்க
அலமாரிக்குள் நெய்டி இரவும் பகலும்
எரியவிடும் குண்டு பல்ப்,
கதவிடுக்கில் மஞ்சள் கோடு.
திறந்தேன். கோட்டை விலக்கினேன்.
பின்பலகையில் காதை வைத்தேன்.

"என்ன பண்றே?" என்றாள் நெய்டி.

"உஷ்" என்றேன்.