பத்து ஃபில்ஸ் ஒட்டகம்

கொதிநீர் வேண்டாம், சாயம் போய்விடும்.
வெதுவெதுப்பில் ஐந்து நிமிடம் ஊறட்டும்.
நகத்தால் ஓரம் கிளப்பி
ஒட்டகத்தின் வாலிலிருந்து தலைவரை
ஒரே இழுப்பாக உரிக்க வேண்டும்.
பார்கோடு கிழிந்தால் கணக்கில்லை.
இதை எட்டு முறை அச்சடித்து
எண்ணூறு பிள்ளைகளின் டைரியில் ஒட்டினேன்.
ஒன்பதாம் முறை என் மகளே சொன்னாள்,
"அம்மா, போதும். குவைத்துக்கே தெரியும்."

ஒரு லேபிளுக்குப் பத்து ஃபில்ஸ் என்று
பால் டின் கம்பெனி கையெழுத்திட்டிருந்தது.
மைதானத்துக்கு ஒரு குளிர்நீர் எந்திரம்
இருநூற்று நாற்பது தினார்.
வகுத்துப் பார்த்த ராத்திரி தூக்கமில்லை:
இருபத்துநாலாயிரம் ஒட்டகம்.

ஃபஹாஹீலில் அந்த அக்டோபரில்
டீ கூடிப்போனது.
மூன்றாம் மாடி ஜெசிந்தா
காரணமே இல்லாமல் பாயசம் காய்ச்சினாள்.
குஞ்ஞாலிக்கா கடை அலமாரியில் ஒரு மாலை
பதினோரு டின்கள் அம்மணமாக நின்றன.
விலையை நான் கொடுத்துவிட்டேன்.
யார் என்று அவரும் கேட்கவில்லை,
மகளிடம் நானும் கேட்கவில்லை.

வியாழன்தோறும் எண்ணிக்கை.
ஐம்பதுக்கு ஒரு ரப்பர் பேண்ட்.
ஸ்டாஃப் ரூம் மூலையில் பால்வாடை.
3-சி முன்னால் ஓடியது.
அங்கே ஓட்டல்காரர் பிள்ளை இருக்கிறான்,
இது நியாயமா என்று
5-ஏ அம்மாக்கள் இரவு பதினொன்றுக்கு போன் செய்தார்கள்.
நியாயத்துக்கு என் எக்செல்லில் இடமில்லை,
வகுப்பு, பெயர், எண்ணிக்கை,
மூன்றே கட்டம்.

ஜனவரிக் கடைசியில்
அரிசிச் சாக்கோடு வந்தார்
பஸ் பதினேழின் டிரைவர் சிக்கந்தர்.
நாற்பத்து மூன்று கட்டு.
ஒன்றில்கூட சுருக்கமில்லை, கிழிசலில்லை.
மங்காஃபில் அவர் இருக்கும் கட்டிடம், ஆறு மாடி,
விடிகாலை மூன்றரைக்கே
எல்லா அறையிலும் டீ கொதிக்குமாம்.
கீழ்த்தளத்து சலவைக்கார வங்காளி
காசு வாங்காமல்
அத்தனையும் இஸ்திரி போட்டுக் கொடுத்தானாம்.

"எந்த வகுப்பு?" என்றேன், தலை நிமிராமல்.
"என் பிள்ளைங்க கீழக்கரைல படிக்குது மேடம்."
"அப்போ எதுல போட?"
ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.
"வண்டில போடுங்க."
சாக்கைத் திரும்ப ஏற்றச் சொல்கிறாரோ என்று
பாதி எழுந்துவிட்டேன்.
பிறகு உட்கார்ந்து
6-சிக்கும் 7-ஏவுக்கும் நடுவில்
ஒரு வரி நுழைத்தேன்:
பஸ் 17.

இருநூற்றுப் பன்னிரண்டு வித்தியாசத்தில்
பஸ் ஜெயித்தது.
விதியில் வாகனம் உண்டா என்றார்கள்.
விதியை எழுதியவள் நான்தான்,
எடுத்துப் படித்தேன்:
'பள்ளியைச் சேர்ந்த எவரும்.'
பஸ் எப்படி பீட்சா சாப்பிடும் என்றார் பிரின்சிபால்.
மங்காஃப் திருப்பத்தில், ஏசி காற்றில்,
முப்பத்தைந்து வாயால் சாப்பிட்டது.
சிக்கந்தர் ஒரு துண்டு எடுத்தார்.
சீஸை ஒதுக்கிவைத்தார்.

எந்திரத்துக்கு இடம் குறிக்க
பிளம்பரோடு மைதானத்தைச் சுற்றினேன்.
மணி ஒன்றேகால்.
வேலிக்கு அந்தப் பக்கம் பதினெட்டு பஸ்,
டயர் நிழல் அளவுக்குக் குறுகி
உட்கார்ந்திருந்தார்கள் டிரைவர்கள்.
பள்ளி நேரத்தில் அவர்கள் உள்ளே வரக்கூடாது.
சிக்கந்தர் பாட்டிலை அண்ணாந்து குடித்து
மிச்சத்தைக் கழுத்தில் ஊற்றிக்கொண்டார்.
இது பிப்ரவரி.
மே மாதம் எனக்குத் தெரியும்.

"வேலியில் துளைபோட்டு
அந்தப் பக்கமும் ஒரு குழாய்?"
பிளம்பர் காதில் இருந்த பென்சிலை எடுத்தான்.
"ஒன்பது தினார் கூட ஆகும்."

இன்னும் ஆறு நாள்
வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறது கம்பெனி.
தொள்ளாயிரம் ஒட்டகம்.
ஜெசிந்தாவுக்கு போன் போட்டு
பாயசம் வை என்றேன்.
அடுப்பில் தண்ணீர் ஏற்றிவிட்டேன்,
கொதிக்கும் முன் இறக்க வேண்டும்.