நன்றி என்றால் போதும்

வியாழன் இரவு பத்து மணிக்கு நெவுகேனிலிருந்து கிளம்பினோம்.
நான்கு பேர், ஒரு பழைய ரெனோ பன்னிரண்டு.
அதன் ஹீட்டர் முழங்காலுக்குமேல் ஏறாது.
ஓட்டியது கஸ்தோன், அவன் பக்கத்தில் இருபே.
பின்னால் நெவென், நான்,
எங்களுக்கு நடுவே மூன்றாவது ஆள்போல் சாய்ந்து
வெந்நீர் பிளாஸ்க்.

இந்தப் பக்கம் ஈஸ்டர் விடுமுறை
இலை உதிரும்போதுதான் வரும்.
விடிந்தபோது மலைச்சரிவெங்கும் லெங்கா மரங்கள்,
மேலிருந்து யாரோ மூட்டை பிரித்து
மிளகாய்த்தூள் கொட்டியதுபோல.
நெவென் தும்மினான். சிரித்தோம்.
இருபே மட்டும் கொஞ்சம் தாமதமாக.

மத்தே ஊற்றுவது என் வேலை.
ஒரே குடுவை, ஒரே குழல்.
முதல் கசப்பு ஊற்றுகிறவளுக்கு,
பிறகு நெவெனுக்கு, பிறகு இருபேக்கு.
அவள் குடித்துத் தந்ததை நிரப்பி
மறுபடி அவளிடமே கொடுப்பேன்.
கஸ்தோன் சாலையிலிருந்து கண்ணெடுக்காமல் கை நீட்ட
அவள் அந்தக் கையில் வைப்பாள்.
பதினோரு வருடமாக இதே வரிசை.
ஒரு விதி உண்டு: நன்றி சொல்லக்கூடாது.
நன்றி என்றால் போதும் என்று அர்த்தம்.
சொல்லிவிட்டால் அடுத்த சுற்று
உன்னைத் தாண்டிப் போய்விடும்.

சான் மார்த்தீனில் அறை கிடைப்பதே அரிது.
இருபே ஜனவரியிலேயே பதிவு செய்திருந்தாள்:
ஒரு பெரிய கட்டில், ஓர் அடுக்குக் கட்டில்.
ஜனவரி வேறு மாதம்.
முதுகு வலி என்று சொல்லி சோபாவில் படுத்தாள்.
வெள்ளிக்கிழமை, இறைச்சி இல்லை.
சூரை மீன் வைத்த பை, ஆறிப்போனது.
அதை யாரும் குறை சொல்லாததுதான்
எனக்கு உறுத்தியது.

மறுநாள் ஏழு ஏரிச் சாலை.
ஒவ்வோர் ஏரிக்கும் ஒரு பீர் மூடி என்று
டாஷ்போர்டில் வரிசையாக வைத்தான் நெவென்.
மச்சோனிக்கோ, ஃபால்க்னர், வில்யாரினோ...
அங்கோஸ்துராவில் இறங்கியபோது எட்டு மூடி.
எது அதிகம் என்று இரவு முழுக்கச் சண்டை போட்டோம்.
சண்டை போட ஏதோ ஒன்று கிடைத்ததில்
எல்லோருக்கும் நிம்மதி.

ஞாயிறு, த்ராஃபுல் போகும் சரளைப் பாதையில்
டயர் வெடித்தது.
ரெனோ பன்னிரண்டின் சக்கரத்துக்கு மூன்றே நட்டு.
இருபே உள்ளங்கையில் மூடி வைத்திருந்து
ஒவ்வொன்றாகத் தந்தாள்,
ஒவ்வொன்றையும் சூடாகத் தந்தாள்.
கஸ்தோன் மண்டியிட்டபடியே வாங்கினான்.
எங்கிருந்தோ வந்த நாய் ஒன்று
எங்களை மேற்பார்வை பார்த்தது.

ஏரியில் படகுக்காரப் பையன் இயந்திரத்தை நிறுத்தினான்.
"கீழே பாருங்க."
பச்சை நீருக்குள் சைப்ரஸ் மரங்கள், ஒரு காடு.
கரை சரிந்தபோது சாயாமல்
நின்ற நிலையிலேயே இறங்கிவிட்டனவாம்.
உதிர்க்க ஓர் இலைகூட இல்லாமல்
இன்னும் நிற்கின்றன.
கஸ்தோன் நீருக்குள் கைவிட்டான்.
"குளிருதா?" என்றாள் இருபே.
"இல்லை" என்றான்.
விரல்கள் சிவந்திருந்தன.

திரும்பும் வழி.
பியத்ரா தெல் ஆகிலா பெட்ரோல் நிலையத்தில்
ஊர் திரும்பும் கார்களின் நீண்ட வரிசை.
முன்னால் நின்ற காரின் பின்கண்ணாடிக்குள் ஒரு குழந்தை
சாக்லேட் முட்டையைக் கண்ணாடியில் தேய்த்துக்கொண்டிருந்தது.
நான் ஊற்றினேன்.
இருபே கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினாள்,
அந்தச் சத்தம் வரும்வரை.
குழலை என் பக்கம் திருப்பி வைத்து,
பின்னால் திரும்பாமல்,
"நன்றி" என்றாள்.

பிளாஸ்க்கில் பாதி மிச்சமிருந்தது.
நெவென் சட்டென்று ஒரு பீர் மூடியைத் தேடத் தொடங்கினான்.
நான் அடுத்ததை நிரப்பினேன்.
இந்த முறை அவள் வழியாக இல்லை,
இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே
என் கையை நீட்ட வேண்டியிருந்தது.
அவ்வளவு தூரம் என்று அதுவரை தெரியாது.

கஸ்தோன் குடித்தான். தந்தான்.
மறுபடி நீட்டினேன். குடித்தான்.
பிகுன் லெயுஃபூ கடந்தது,
அணையின் விளக்குகள் கடந்தன.
நீர் ஆறி, இலை வெளுத்து,
கசப்புகூட இல்லாமல் போன பிறகும்
குடித்துக் குடித்துக் குடுவையைத் திருப்பித் தந்தான்,
ஒரு வார்த்தை சொல்லாமல்.