தேறல்

டிசம்பரில் வார்டோவுக்குச் சூரியன் வருவதில்லை.
பதிலுக்குப் பியர் வருகிறது.
பதினொரு புட்டி, ஒவ்வொன்றும் ஒரு கம்பளிக் காலுறைக்குள்,
பெயர் தெரியாதபடி கழுத்துவரை இழுத்துவிட்டு,
துணிக் கவ்வியில் எண் மாட்டி.

வலைக் கிடங்கின் மேல்தளம். நான்கு பேர்.
நண்டுப் படகு ஒட்வார்,
பல் மருத்துவர் சிக்னே,
இரண்டு வீட்டை விற்று மூன்றாவதைக் கட்டும் கியெர்ஸ்டி,
மருந்துக்கடை நான்.
வாய் கொப்பளிக்கத் தண்ணீர், உப்பில்லாத பிஸ்கட்,
ஆளுக்கொரு பகடை.
உருட்டக் கூடாது.
மனதுக்குப் பட்ட முகத்தை மேலே வைத்து
உள்ளங்கையால் மூடிக்கொள்ள வேண்டும்.
ஆறு என்றால் அமுதம்.
ஒன்று என்றால் கழுவுதொட்டி.

செப்டம்பர்க் காய்ச்சல் என் மூக்கை
எடுத்துக்கொண்டு போனதை
இவர்களிடம் நான் சொல்லவில்லை.
உடம்பு தேறிவிட்டது. மூக்கு தேறவில்லை.
காப்பி, வெறும் வெந்நீர். மீன், ஈரப் பஞ்சு.
கடையில் ஆளில்லாத நேரம்
கற்பூரத் தைலத்தைத் திறந்து பார்ப்பேன்,
கண் மட்டும் கலங்கும்.

ஆனால் பன்னிரண்டு வருடம் தீர்ப்புச் சொன்ன வாய்.
அதற்குப் பாடம் மனப்பாடம்.
முதல் காலுறை: "ஆரஞ்சுத் தோல்," என்றேன்.
கியெர்ஸ்டி தலையாட்டினாள்.
இரண்டாவது: "கிராம்பு. கொஞ்சம் அதிகப்பிரசங்கி."
சிரித்தார்கள்.
மூன்றாவதற்குச் சிக்னேவின் நாசி விரிவதைப் பார்த்து
நான்கு வைத்தேன். அவளும் நான்கு.
ஐந்தாவதற்கு, நுரை உட்காரும் சத்தம் கேட்டு, மூன்று.
ஆறாவது கறுப்பு. கறுப்புக்கு எப்போதும்
கருகிய ரொட்டி, உலர்திராட்சை;
இதுவரை யாரும் மறுத்ததில்லை.
ஏழாவதில் எனக்கே என்மேல் சலித்துவிட்டது.

எட்டாவது, செம்பு நிறம்.
ஒட்வாரே ஊற்றினார்,
வழக்கத்தைவிட மெதுவாக,
ஒரு விரற்கடை நுரை நிற்க.
மூவரும் கண்ணை மூடி முகர்ந்தார்கள்.
தேவாலயத்தில்கூட இவர்கள்
அப்படி மூடி நான் பார்த்ததில்லை.
மேசைக்குக் கீழே, தொடைமேல்,
பகடையை உருட்டிவிட்டேன்.

ஐந்து, ஐந்து, ஐந்து,
இரண்டு.

"இரண்டா?" என்றாள் சிக்னே,
எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்கும் குரலில்.
காரணம் வேண்டும். கையில் ஒன்றுமில்லை.
அவகாசத்துக்காக இன்னொரு மிடறு குடித்தேன்.
அன்று முதல்முறையாக
குடித்ததைக் கவனித்தேன்.

இனிப்பு வந்தது, கசப்பு வந்தது. போயின.
போன பிறகு நாக்கின் ஓரம் சுருங்கியது,
ஈறில் உலர்ந்த துணி.
கோப்பைக்குள் தேயிலைப் பையை மறந்து
யாருடனோ தொலைபேசியில் சண்டையிட்டுத் திரும்பி வந்து
குடித்தால் இருக்குமே, அது.
"துவர்க்கிறது," என்றேன்.
"கடைசியாக வருகிறது. வந்தது போக மாட்டேன் என்கிறது."

சிக்னே மறுபடி குடித்தாள்.
நாக்கால் ஈறைத் தடவினாள்.
ஒன்றும் பேசாமல் ஐந்தை மூன்றாகத் திருப்பினாள்.
கியெர்ஸ்டி, நான்கு.
ஒட்வார் தன் பகடையைத் தொடவே இல்லை.

எல்லாம் முடிந்து காலுறைகளை உருவினோம்.
தேறியது நான்காவது, ஏதோ பெர்கன் கம்பெனி.
எட்டாவதில் அச்சடித்த தாள் இல்லை,
பேனா எழுத்து:
சுன்னிவா. முதல் காய்ச்சல்.
ஒட்வாரின் மகள். ட்ரோம்சோவில் படிக்கிறாள்.
குளியலறையில் வைத்துக் காய்ச்சியிருக்கிறாள்.

படிக்கட்டில் பின்னாலேயே வந்தார்.
"ஜூனிபர்க் கிளையை ராத்திரி முழுக்க ஊறவிட்டாளாம்.
அப்போதே வேண்டாம் என்றேன்.
உனக்கு எப்படித் தெரிந்தது?"
சொல்லிவிட்டேன்.
மூக்கை, பகடையை, பொய்க் கிராம்பை, எல்லாவற்றையும்.

கொஞ்ச நேரம் நின்றார்.
கையிலிருந்த காலுறையை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.
"இது?"
இழுத்து முகர்ந்தேன்.
"ஒன்றுமில்லை."
"இருபது வருடம் நண்டு பிடித்த காலுறை.
கொடுத்துவைத்தவள் நீ."

கீழே பனிவாரி வண்டி
துறைமுகத்தைச் சுரண்டிக்கொண்டு போனது.
"அவளிடம் மூன்று என்று சொல்லட்டுமா?"

என் நாக்கின் ஓரத்தில்
அது இன்னும் நின்றுகொண்டிருந்தது.

"இரண்டு," என்றேன்.