மீன்கண்

கொத்தவரை மாவை மெல்லத் தூவ வேண்டும்.
மொத்தமாய்க் கொட்டினால்
வெளியே வழுவழுத்து உள்ளே உலர்ந்த
கட்டிகள் மிதக்கும்.
மீன்கண் என்போம்.
ஒரு கைப்பிடி மீன்கண் போதும்,
சல்லடை அடைத்து பம்பு மூச்சுத் திணறும்.

கஃப்ஜிக்கு மேற்கே முப்பத்தேழாம் நம்பர் ரிக்.
ராஜஸ்தான் மணலில் காய்த்த விதை
இந்த மணலுக்குள் இறங்குகிறது.
வழவழப்பு ஒன்றுதான் அதன் பாஸ்போர்ட்.
தண்ணீரைக் கூழாக்கி
பாறைத் தூளை மேலே சுமந்து வரும்.
கிருமிக்கொல்லி ஊற்ற மறந்தால்
மறுநாள் தொட்டி புளித்து நாறும்.
சேற்றுக்குள் ஒளித்தாலும்
தீனி எதுவென்று கிருமிக்குத் தெரிகிறது.

மெஸ்ஸில் அதே காய்ப் பொரியல்.
நான் தொடுவதில்லை.

அதிகாலை மூன்று நாற்பதுக்குச் சங்கிலி
செய்யது மீரானின் உள்ளங்கையைக் கவ்வியது.
கிளினிக்கில் ஃபெபிலா சிஸ்டர் கேட்டாள்:
"இறால் தின்னா அரிக்குமா?"
வியாழக்கிழமை பிரியாணியைச் சொல்கிறாள் என்று நினைத்து
"ரெண்டு தட்டு வாங்குவேன்" என்றான்,
ரத்தம் சொட்டச் சொட்ட.

உறையைக் கிழித்தாள்.
பஞ்சு மாதிரி வெள்ளை.
இறால் ஓட்டிலிருந்து வடித்ததாம்.
ரத்தம் பட்டதும் கூழாகிக்
காயத்தின் வாயை மூடியது.
சிவப்பணுக்களுக்கும் அதற்கும்
எதிரெதிர் மின்னூட்டம், இழுத்து ஒட்டிக்கொள்ளும் என்றாள்,
கடிகாரத்தைப் பார்த்து அழுத்தியபடி.
நான் குனிந்து
அந்தக் கூழில் மீன்கண் இருக்கிறதா என்று தேடினேன்.
தொழில் புத்தி.

நான்காம் நாள் கடற்பாசிக் கட்டு.
மண்டபத்துக்காரன் முகர்ந்து பார்த்து
"பாசின்னா வாசம் வேணாமா?" என்று
கோபித்துக்கொண்டான்.

துளை முடிந்ததும் நொதி ஊற்றுவோம்.
கொத்தவரைக் கூழ் சங்கிலி சங்கிலியாய் அறுந்து
வெறும் நீராய் மேலே திரும்பும்.
போகாமல் தங்கினால்
எந்தக் கண்ணுக்காகத் தோண்டினோமோ
அதையே அடைத்துவிடும்.
மேலாளர் இதை விளக்கும்போது
மீரானின் இக்காமாவில் இரண்டு மாதம் பாக்கி.
அவன் என்னைப் பார்த்தான்.
நான் தொட்டியைப் பார்த்தேன்.

தழும்பு வெளுத்துவிட்டது.
"ஒட்டிக்கிட்டிருந்த ஓட்டுத் துணுக்கெல்லாம்
எங்க போச்சு சிஸ்டர்?"
"உங்க உடம்பு தின்னுடுச்சு."
கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"அப்போ அது
மூணாவது தட்டு."