பதினாலு மில்லிமீட்டர்

லாங்கு பஜார் பழைய இரும்புக்காரர்
எடைக்கல்லை எடைபோட்டுத்தான் கொடுத்தார்.
இரண்டு கிலோ என்று பொறித்த கல்
நாற்பது கிராம் குறைந்தது.
எத்தனை வருஷத்துப் பருப்பில் போயிற்றோ.
எனக்கு வேண்டியது வார்ப்பிரும்பு,
உள்ளே காற்றுக்குழி இல்லாமல்.
அடியில் ஈயத்தில் குத்திய முத்திரைகளை
முதலில் அறுத்துத் தள்ளினேன்.
இனி அது எதையும் நிறுக்காது.

பகலில் நான் பல் செய்கிறவள்.
ஆற்காடு ரோட்டு லேபில்
மெழுகில் செதுக்கி, மாவில் புதைத்து,
மெழுகை எரித்த வெற்றிடத்தில்
உலோகம் ஊற்றுவது பிழைப்பு.
கிராங்க் கேஸையும் அப்படித்தான் வார்த்தேன்,
ஒரு ஞாயிறு, முதலாளியிடம் சொல்லிவிட்டு.
எடுத்துத் திருப்பிப் பார்த்தவர்
'எந்த யானைக்கு இந்தக் கடைவாய்ப்பல்?' என்றார்.

இரவில், காட்பாடியில்,
கார் நிற்கவேண்டிய இடத்தில் லேத்.
(கார் இல்லை.)
சுவருக்கு அந்தப் பக்கம் ஜோலார்பேட்டை லைன்.
ரயில் வந்தால் டயல் கேஜ் முள்ளுக்குக் குளிர்காய்ச்சல்.
கடைசிச் சீவலுக்கு நல்ல நேரம் பார்த்துக் கொடுப்பது
ரயில்வே கால அட்டவணை:
பதினொன்று ஐம்பதிலிருந்து
இருபத்தைந்து நிமிஷம் பூமி சும்மா இருக்கும்.

சரக்கு வண்டிக்கு அட்டவணை கிடையாது.

போரிங் பார் பாதி வழியில் இருந்தது.
நிறுத்தினால் அந்த இடத்தில் வளையம் விழும்.
நிறுத்தாவிட்டால் நடுங்கும்.
நிறுத்தவில்லை.
பிறகு டார்ச் அடித்துப் பார்த்தேன்.
பதினாலு மில்லிமீட்டர் துளை, கண்ணாடிச் சுவர்,
நடுவில் ஓர் அரிசி நீளத்துக்குச்
சொரசொரப்பு.

எபநேசர் கூட்ஸ் கார்டு.
விடிந்து வந்து பையை இறக்கியதும் கேட்டேன்,
உங்கள் நிலக்கரியா இது?
'நாங்க இல்ல பியூலா. அந்நேரம்
லத்தேரி லூப்புல நின்னுட்டிருந்தோம்.'
ஷூவைக் கழற்றாமல் டார்ச்சை வாங்கி
ஒரு கண்ணை மூடி வெகுநேரம் பார்த்தார்.
'இது காலிப் பெட்டி. லோடு இப்பிடி அதிராது.'

பிஸ்டன் மோதிரங்கள் ஒன்பது செய்தேன்,
ஆறு உடைந்தன.
தப்பிய மூன்றைப் போட்டுவைத்த ஹார்லிக்ஸ் மூடியில்தான்
லேத் முன் நிற்கும்போது கழற்றிவைக்கும்
என் கல்யாண மோதிரமும் கிடக்கும்.
பல்செட்டுக்குப் பளபளப்பு ஏற்றும் பொடியை
எண்ணெயில் குழைத்துப்
பதினோரு இரவு சிலிண்டரைத் தேய்த்தேன்.
அதற்குள் மே வந்துவிட்டது.
வேலூரில் மே மாதம் பகலில் அளந்தது
இரவுக்குப் பொய்.
காலிப் பெட்டிகள் மட்டும்
அழியாமல் நின்றன.

மண்ணெண்ணெயில் முக்கிச் சுழற்றினால்
கசிவு குமிழ்விட்டுக் காட்டிக்கொடுத்தது.
எடைக்கல்லில் இன்னொரு சிலிண்டருக்கு இரும்பு இருந்தது.
எடுத்தேன். சக்கில் பிடித்தேன்.
கழற்றி வைத்துவிட்டேன், ஏனென்று சொல்லத் தெரியவில்லை,
சோம்பேறித்தனம் என்று எழுதிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை.
அவர் பைக்கிலிருந்து ஊசியில் உறிஞ்சிய பெட்ரோல்
நாலு மில்லி.
ஃப்ளைவீலில் கயிறு சுற்றி இழுத்தேன்.
இருமல்.
பதினேழாவது இழுப்பில் நீலப்புகை.
இருபத்தொன்றில் என் கட்டைவிரல் நகம்.
அப்புறம் எண்ணவில்லை,
ஏதோ ஒன்றில் அது
இழுத்த கயிறு கையில் இருக்க,
தானே சுற்றிக்கொண்டிருந்தது.

வேகம் பிடித்துவிட்டால் கசிவுக்கு நேரமில்லை.
அடுத்த வெடி வந்துவிடுகிறது.
தையல் மெஷின் கோபித்துக்கொண்டதுபோல் ஒரு சத்தம்,
மேஜை முழுக்க எண்ணெய்ப் பொட்டு,
எபநேசர் தட்டோடு வந்து வாசலில் நிற்கிறார்,
சாம்பார் கையோடு.

அப்போது ரயில் வந்தது.
நீளமான வண்டி, சுவர் அதிர,
எங்கள் சத்தத்தை மொத்தமாக
எடுத்துக்கொண்டு போனது.
கடைசிப் பெட்டி தாண்டியபோது
ஃப்ளைவீல் நின்றிருந்தது.
எப்போது நின்றது என்று
இருவருக்கும் தெரியவில்லை.

நோட்டில் நாற்பது வினாடி என்று எழுதினேன்.
முப்பதுதான் என்கிறார் அவர்.
சிலிண்டரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.
தொட்டார்.
விரலை வாயில் வைத்துக்கொண்டு
முப்பத்தைந்து என்றார்.