எழுபது சதவீதம்

அந்த மென்பொருளுக்குக் காது கிடையாது.
பதினெட்டு வருஷத்துக்கு முன் கம்பெனி வாங்கிப் போட்டது.
வேறெந்த நிரலோடும் பேசாது,
கோப்பு கொடுத்தால் வாங்காது, கேட்டால் தராது.
முகம் மட்டும் உண்டு:
சாம்பல் பெட்டி, ஏழு கட்டம்,
கீழே வலது மூலையில்
வெள்ளை எழுத்தோடு ஒரு பச்சைப் பட்டன்.

சால்மன் பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ்.
இரவுக்கு முந்நூற்று நாற்பது.
என் வலது மணிக்கட்டில்
ஒரு கயிறு இறுகிக்கொண்டே வந்தது.

புவெர்த்தோ மோன்ட்டில் மழை நின்ற ஒரு மாலை
(நின்றதால்தான் தேதி நினைவிருக்கிறது, மார்ச் ஒன்பது)
அந்தப் பட்டனை மட்டும் திரையிலிருந்து
நகம் வெட்டுவதுபோல் வெட்டியெடுத்தேன்.
அறுபத்திரண்டு பிக்சல் அகலம், இருபத்தொன்று உயரம்.
ஸ்கிரிப்ட்டிடம் சொன்னேன்:
இந்த முகத்தைத் தேடு.
கண்டால் அமுக்கு. காணாவிட்டால் காத்திரு.

முதல் இரவு நான் வீட்டுக்குப் போகவில்லை.
இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.
அம்புக்குறி தானாக நகர்ந்தது,
யோசிப்பதுபோல் அரை நொடி நின்றது,
(யோசனையெல்லாம் இல்லை,
அரை நொடி நில் என்று எழுதியவளே நான்)
அமுக்கியது.
அடுத்தது. அடுத்தது.
டிரைவர் இறங்கிப் போன பிறகும்
வைப்பர் ஆடிக்கொண்டிருக்கும் லாரியைப்போல்.

ஜூலையில் ஓர் அப்டேட் வந்தது, யாரையும் கேட்காமல்.
எழுத்துகளின் ஓரம் கொஞ்சம் மிருதுவானது.
நமக்கு அதே பட்டன்.
ஸ்கிரிப்ட் மட்டும் விடியும்வரை அசையாமல் நின்றது,
முகவரி சரியாக இருந்தும்
மணியடிக்கத் தயங்கும் விருந்தாளியாக.
தொண்ணூறு சதவீதம் ஒத்தால் என்றிருந்ததை
எழுபது என்று திருத்தினேன்.

எழுபது போதாதா?
பஸ் நிலையத்தில் நான் தோள் தொட்டுக் கூப்பிட்ட ஆள்
என் தம்பிக்கு முப்பதுகூடத் தேறமாட்டார்,
மஞ்சள் மழைக்கோட்டு மட்டும்தான் பொது.
மன்னியுங்கள் என்றேன்.
சிரித்தார். பஸ் வந்தது.

மூன்று வாரம் கழித்து
இரவுக் காவலர் செகுந்தோ ஓயார்சோ
தன் மாத்தே குடுவையைக் கீபோர்டின்மேல் வைத்தார்.
எந்த விசையோ அமுங்கி
எல்லா ஜன்னலும் கீழே இறங்கின.
மிஞ்சியது டெஸ்க்டாப் படம்:
கல்புக்கோ துறை, முதலாளி மான்சீயா எடுத்தது.
நடுவில் ஒரு பச்சைப் படகு,
விலாவில் வெள்ளை எழுத்தில் தோன்யா எல்பா.

காலையில் பதிவேட்டைத் திறந்தேன்.
கண்டேன், 812, 466. அமுக்கினேன்.
கண்டேன், 812, 466. அமுக்கினேன்.
நான்காயிரத்து நூற்றாறு முறை.
ஒற்றுமை 0.71.

வாசலில் நான்கு லாரி, ஒரு சான்றிதழும் இல்லை.
ஐஸ் உருகி ரோட்டில் ஓடியது.
மழையோடு கலந்துவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை,
மான்சீயாவைத் தவிர.

"நான் பார்த்தேன், யாஸ்னா" என்றார் செகுந்தோ.
"அந்த அம்பு படகை விடாமல் கொத்திக்கொண்டிருந்தது,
நீர்க்காகம் மாதிரி.
வேலை நடக்கிறதென்று
விளக்கை அணைத்துவிட்டு வந்தேன்."

பட்டனைப் புதிதாக வெட்டினேன்.
தொண்ணூற்றிரண்டுக்கு ஏற்றினேன்.
வலது மூலையை மட்டும் பார்,
மற்ற உலகம் உனக்கில்லை என்று எல்லை கட்டினேன்.
மான்சீயா திரையைக் கறுப்பாக்கச் சொன்னார், ஆக்கினேன்.
அதற்கு முன் படகையும்
அதே அளவில் வெட்டி
'இதுவல்ல' என்று பெயரிட்டுப் பட்டனுக்குப் பக்கத்தில் சேமித்தேன்.
எந்த வரியும் அதை அழைப்பதில்லை.

போன ஞாயிறு கல்புக்கோ போயிருந்தேன், மட்டி வாங்க.
துறையில் கிடந்தது அது,
படத்தைவிடச் சின்னதாக,
பெயரில் பாதி உரிந்து, பச்சை வெளிறி.
எழுபதுக்குத் தேறாது.

கோட்டுப் பைக்குள்
என் ஆள்காட்டி விரல்
ஒரு முறை மடங்கியது.