நாற்பத்தொன்பதாம் வாரம்

படிவம் சென்னையில் அச்சானது.
மூன்றாவது கேள்வி:
பத்து நாளுக்குள் காய்ச்சல் இருந்ததா?

"காய்ச்சல் ஒண்ணும் இல்ல மேடம்," என்கிறார் அருமனை நேசையன்,
"பனியாக்கும். ராத்திரி முழுக்க வெறச்சுது."
ரப்பர்பால் காய்ந்த விரல்களால்
முழங்காலைப் பிடித்துக்கொண்டு
இருமி முடிக்கிறார்.

எனக்கு முன் இந்த வேலையில் இருந்தவள் திருச்சிக்காரி.
பனி என்றால் அவளுக்கு மார்கழி.
'இல்லை' என்ற கட்டத்தில் ஒழுங்காக
மை வைத்துக்கொண்டே போயிருக்கிறாள்.
ஆற்றுக்கு மேற்கே ஒரு வருடம்
யாருக்கும் காய்ச்சலே வரவில்லை
என்றது எங்கள் வரைபடம்.

கேள்விக்குப் பக்கத்தில்
பென்சிலால் 'பனி' என்று எழுதினேன், அவ்வளவுதான்.
அடுத்த மாதம் எண்ணிக்கை மூன்று மடங்கு.
மேலிடத்திலிருந்து போன்:
"அங்கே என்னம்மா நடக்குது?"
ஒரு சொல் நடந்தது சார், என்று சொல்லவில்லை.
பார்க்கிறேன் சார் என்றேன்.

வலது மூக்கில் குச்சி போனால்
வலது கண்தான் முதலில் கலங்கும்.
ஏலக்காரிக்கும் உபதேசியாருக்கும்
பத்தாம் வகுப்புப் பையனுக்கும்.
குறும்பனை ததேயூஸ் மட்டும் சிரித்தார்:
"நாப்பது வருசமா நான் தூண்டில் போடுறேன்.
இப்பதான் எனக்கு ஒருத்தி போடுறா."

நாலு டிகிரிக் குளிரில் தெர்மோகோல் பெட்டி.
குழித்துறையிலிருந்து ஆசாரிபள்ளத்துக்கு
மடியில் வைத்துக்கொண்டே போவேன்.
நடத்துநர் குனிந்து மோந்தார்.
"மீனா? லக்கேஜ் போடணும்."
"மீன் இல்ல."
"பின்ன?"
"மூக்குச்சளி."
அன்றைக்குத் தக்கலை வரை
என் பக்கத்து இருக்கை காலி.

இந்த மாவட்டத்துக்கு மழை இரண்டு தரம்.
இடவப்பாதியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று.
கோட்டிலும் அதுபோல இரண்டு திமில்
என்று சந்தேகப்படுகிறேன்.
சந்தேகம்தான்.
மூன்று வருடத் தரவு போதாது என்று
கட்டுரையைத் திருப்பி அனுப்பினார் மதிப்பீட்டாளர்,
மழையே பெய்யாத ஏதோ ஊரிலிருந்து.
நியாயம்தான். நானாக இருந்தாலும்
திருப்பித்தான் அனுப்பியிருப்பேன்.

அதிலும் அந்த நாற்பத்தொன்பதாம் வாரம்.
இரண்டாவது திமில் ஏறிக்கொண்டிருக்கையில்
ஒரே ஒரு புள்ளி
கிணற்றில் விழுந்த வாளிபோலக் கீழே கிடக்கிறது.

செவ்வாய்தோறும்தான் எங்களுக்கு மாதிரி எடுப்பு.
அந்தச் செவ்வாய் டிசம்பர் மூன்று.
கோட்டாறு சவேரியார் திருவிழா, மாவட்டத்துக்கே விடுமுறை,
புறநோயாளிப் பிரிவில் பூட்டு.
மூக்குகள் எல்லாம் தேர் பின்னால் போயிருந்தன.
நானும் போயிருந்தேன்.
உப்பும் நல்லமிளகும் அள்ளிய கைகளுக்கு நடுவில்
தோளில் சாய்ந்து தூங்கிய குழந்தைகளின்
சூடான மூச்சுக்கு நடுவில்
வரையறைக்குப் பொருந்துகிறவர்களை
என்னை அறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன்.
பதினேழு. அதற்குப் பிறகு கொட்டுச் சத்தத்தில் விட்டுப்போனது.

இரண்டு நாள் கழித்து எனக்குப் பனி.
முப்பத்தெட்டு புள்ளி ஆறு. இருமல்.
எல்லாக் கட்டத்துக்கும் பொருந்தினேன்.
அலமாரியில் பிரிக்காத குச்சிகள் நாற்பது இருந்தன.
சுக்குக் காப்பி குடித்துவிட்டுக்
கதவைச் சாத்திப் படுத்துக்கொண்டேன்.
நோயாளிகள் ஏன் வருவதில்லை என்று
ஓர் அத்தியாயமே எழுதியவள்.
காரணங்களில்
'எழுந்திருக்க மனசில்லை' என்பது இல்லை.

இன்று விஜிலா அட்டவணையை நிரப்புகிறாள்.
திருத்தி அனுப்ப வெள்ளிதான் கடைசி நாள்.
வெளியே வடசேரிப் பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது.
"அக்கா, நாப்பத்தொம்பதுக்கு என்ன போட?
பூச்சியமா, வெறுசா விடவா?"

பூச்சியம் என்றால்
தேடினோம், யாரும் இல்லை என்று பொருள்.

"வெறுசா விடு," என்றேன்.
"அங்க ஆள் இருக்கு."